வெள்ளை கடைசியில் வரும்

அவளை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பாசமெல்லாம் அதற்குப் பிறகுதான். பெயரைச் சொல்லமாட்டேன். எங்கேயாவது உயிரோடு இருந்து, நான் தன்னைப் பற்றி நாலு பேரிடம் கதை அளக்கிறேன் என்று காதில் விழுந்தால், பஸ் ஏறி வந்து என் வாசலில் நின்று திட்டுவாள். திட்டுவதற்கு அவளுக்கு அலுப்பே கிடையாது. புருஷனை, கடைக்காரரை, கோழியை, மழையை, கணக்கப்பிள்ளையை, எல்லோரையும் ஒரே சத்தத்தில் திட்டுவாள்.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். ஒற்றை அறைக் காம்பராக்கள் பத்து வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்தில் அவள் காம்பராவும் எங்கள் காம்பராவும் அடுத்தடுத்து. நடுச்சுவர் கூரைவரைக்கும் போகாது. அவள் புருஷனைத் திட்டுவது எனக்குக் கேட்கும், என் புருஷனின் குறட்டை அவளுக்குக் கேட்கும். சொந்தம் எதுவும் இல்லை, என்றாலும் நான் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவேன். அவள் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், காம்பு பொறுக்குகிறவள். கறுத்த தேயிலைத் தூளுக்குள் கிடக்கிற சிவந்த காம்புகளை மட்டும் விரலால் பொறுக்கி எடுக்கிற வேலை. நாள் முழுக்கக் குனிந்து பார்த்தே அந்தக் கண் அப்படி ஆனதா, அப்படிப்பட்ட கண் இருந்ததால் அந்த வேலை கிடைத்ததா, தெரியாது. நான் தோட்டத்தை நடத்துகிற தொரையின் பெரிய பங்களாவில் பாத்திரம் கழுவினேன். தட்டு, கோப்பை, துடைப்பது, கழுவுவது, பின்கதவு, சுவர், அறை, கறுப்பு, வெள்ளை என்று ஒரு முப்பது இங்கிலீஷ் வார்த்தை கற்றுவைத்திருந்தேன். லயத்தில் அதற்காகவே எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. நானும் அதைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்கு வெள்ளை என்றால் ஒரு கிறுக்கு. வெள்ளை பிடிக்கும் என்று அர்த்தமில்லை. வெள்ளை என்று யாராவது சொல்லிவிட்டால் உடனே சண்டைக்கு நிற்பாள்.

ஒரு தீபாவளிக்கு நோர்வூட் கடைத்தெருவில் அவள் புருஷனுக்கு வேட்டி எடுக்கப் போனோம். பகலிலும் கடைக்குள் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம்தான். கடைக்காரர் ஒரு வேட்டியை உதறிப் போட்டார்.

"பாலு மாதிரி வெள்ளைம்மா. எடுத்துக்க."

"எந்த மாட்டுப் பாலுங்க?" என்று கேட்டுவிட்டு, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்கு இறங்கிவிட்டாள். கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். நடுரோட்டில், பஸ்சுக்கு நிற்கிற சனமெல்லாம் பார்க்க, வேட்டியைப் பகல் வெளிச்சத்தில் விரித்தாள். "பாருங்க, மடிப்புல மஞ்ச ஓடுது. போன வருசத்துச் சரக்கு. நீலத்துல முக்கி எடுத்து வச்சிருக்கீங்க."

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தார். திரும்பி மலை ஏறும்போது நான் கத்தினேன். "பத்து பேரு பாத்தாங்க மதினி. மானம் போச்சு."

"பொய்யி சொன்னது அவரு. மானம் எனக்கா போகும்?" என்றாள்.

இந்தக் கண்ணையும் இந்த வாயையும் வைத்துக்கொண்டு அவள் பேசாமல் காம்பு பொறுக்கியிருக்கலாம். சுண்ணாம்பு அடிக்க அனுப்பினார்களே, அங்கேதான் வினை பிடித்தது.

கொழும்பிலிருந்து கம்பெனித் தொரை ஒருவர் தோட்டத்தைப் பார்க்க வருவார். அவர் வருகிறார் என்றால் லயங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். முன்பக்கம் மட்டும். அதுவும் கார் ரோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற லயங்களுக்கு மட்டும். எங்கள் லயம் ரோட்டோரம் என்பதால் எங்களுக்கு அந்த யோகம் உண்டு. பின்சுவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கூரையோரம் புகைக்கரி, கீழே பச்சைப் பாசி, மழைக்காலத்தில் ஈரம் முழங்கால் உயரத்துக்கு ஏறி நிற்கும். மதினியின் மகள் அந்தச் சுவரின் உள்பக்கம் முதுகை ஒட்டித்தான் படுப்பாள். காம்பராவில் வேறு இடம் இல்லை. இருமல் அந்தப் பிள்ளையை விட்டதே இல்லை.

அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்கிற ஆட்களில் மதினியையும் போட்டார்கள். வாளியும் மட்டையுமாகப் போனவள், நேரே லயத்தின் பின்பக்கம் போய் அங்கிருந்து ஆரம்பித்துவிட்டாள். நாலு காம்பராவின் பின்சுவர் முடிந்தபோது, எங்களை வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, கையில் பிரம்பு.

"ஏய், யாரு ஒன்னைய பின்னால அடிக்கச் சொன்னது?"

"பின்னாலதாங்க பாசி. சுண்ணாம்பு பாசிக்குத்தானே."

"கொழும்புத் தொரை ஒங்க கொல்லைக்கு வந்து பாக்கப் போறாரா? சுண்ணாம்பு முன்பக்கத்துக்கு அளந்து குடுத்தது."

"எம் புள்ள இந்தச் சுவத்துலதாங்க முதுக வச்சுப் படுக்குறா."

"அப்ப புள்ளையத் திருப்பிப் படுக்கப் போடு," என்றார் கணக்கப்பிள்ளை.

வாளியில் மிச்சமிருந்ததை அப்படியே அவர் மேல் ஊற்றிவிட்டாள். ஊற்றிவிட்டுச் சொன்னாள்: "கோட்டும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. ஒண்ணும் தெரியாதுங்க. போங்க."

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவர் விட்டிருப்பாரோ என்னவோ. மறுநாள் பத்துச்சீட்டு வந்தது. வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது, ஒரு மாதத்தில் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்கிற துண்டு. ஊற்றியவள் அவள், சீட்டு வந்தது புருஷன் பெயருக்கு. தோட்டத்தில் எல்லாமே புருஷன் பெயருக்குத்தான் வரும். அவர் வாயில்லாப் பூச்சி. சீட்டை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். கணக்கப்பிள்ளையை அவமானப்படுத்தி வெளியேறுகிற குடும்பத்தை வேறு தோட்டத்தில் லேசில் எடுக்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அதே வாரம் மழை பிடித்து, அவள் பின்சுவரில் அடித்த சுண்ணாம்பெல்லாம் கரைந்து ஓடி, மண் சரிந்து, ரோடு அடைபட்டது. கொழும்புத் தொரை வருவது ஒரு மாதம் தள்ளிப்போனது.

எங்கள் தோட்டத்துத் தொரையைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் மனைவி, தொரைசாணி, தன் ஊருக்கே போய்விட்டார், திரும்பி வரவில்லை. தொரைக்குத் துணை ஈயப் பொம்மைகள்தான். கட்டை விரல் உயரத்துக்கு வீரர்கள், அவர்கள் நாட்டுப் பழைய காலத்துப் படை. மழை நாட்களில் மத்தியானத்துக்கு மேல் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றுக்குச் சாயம் பூசுவார். அந்த வருஷம் அவர் ஊரிலிருந்து புதுச் சாயம் ஒரு பார்சல் வந்தது. டியூபில் அடைத்த சாயம். அக்ரிலிக் என்று பெயர். தண்ணீரில் கரையும், ஆனால் காய்ந்துவிட்டால் எந்தத் தண்ணீருக்கும் அசையாது. இருபத்துநாலு வீரர்களுக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கவசம் பூசவேண்டும். கொழும்புத் தொரையும் இதே பைத்தியம்தான் என்பதால் அவரிடம் காட்டி அசத்த இவருக்கு ஆசை. ஆனால் பூசப் பூச வெள்ளை தயிர்போலத் திரண்டு, கண்ணும் மூக்கும் மூடிப்போயின. ஒரு பொம்மையைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது நான் துடைத்துக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

நான்தான் வாயைத் திறந்தேன். "தொரை, லயத்துல ஒரு பொம்பளை இருக்கா. வெள்ளையப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சமாதிரி யாருக்கும் தெரியாது."

"எந்தப் பொம்பளை? கணக்கப்பிள்ளைக்குச் சுண்ணாம்பு ஊத்தின பொம்பளை?" தொரை சிரித்தார். "கூட்டிட்டு வா."

அவள் பின்கதவு வழியாக வந்து நின்றாள். தொரை மேசை இழுப்பறையைத் திறந்து, பத்துச்சீட்டின் நகலை எடுத்துக் காட்டினார். தொரைக்குத் தமிழ் வரும், அவருக்கு வருகிற மாதிரி வரும். "இருபத்துநாலு ஆளு. கொழும்பு தொரை வர்ற முன்னாலே நீ முடிக்கும். நான் இதே கிழிக்கும். சரியா?"

அவள் கும்பிடு போடவில்லை. "சாயத்தக் காட்டுங்க," என்றாள்.

முதல் நாள் முழுக்க அவள் ஒரு பொம்மையையும் தொடவில்லை. சாயத்தை நகத்தில் ஒரு சொட்டு வைத்து, காயவிட்டு, என் கழுவுதொட்டியில் கையை முக்கிப் பார்த்தாள். அசையவில்லை. "இது புடிச்சா விடாத சாயம் புள்ள. தப்பு பண்ணுனா தப்பு நின்னுபோயிரும்," என்றாள். சாயம் தட்டில் சீக்கிரமே காய்ந்துபோவதுதான் தொரைக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. இவள் மடியிலிருந்து வெற்றிலை சுற்றிவைக்கிற துணியை எடுத்து நனைத்து, தட்டில் விரித்து, அதன்மேல் ஒரு எண்ணெய்த்தாளை வைத்து, அதில் சாயத்தைப் பிதுக்கினாள். வெற்றிலை வாடாமல் இருக்க நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான். சாயமும் வாடவில்லை. தொரை அதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலி நூல்கட்டைகள் கேட்டாள். ஒவ்வொரு பொம்மையையும் மெழுகு வைத்து ஒரு கட்டையின் மேல் நிறுத்தினாள். கட்டையைப் பிடித்துத் திருப்பினால் விரல் பொம்மையில் படாது.

மறுநாள் இருபத்துநாலு பேருக்கும் சாம்பல் நிறம் பூசி வைத்திருந்தாள். தொரை வந்து பார்த்துக் கத்தினார். "வெள்ளை! நான் வெள்ளை கேட்டது!"

"வெள்ளை கடைசில வரும்ங்க," என்றாள் அவள், தலை நிமிராமல். "மொதல்லயே வெள்ளையப் பூசிட்டா அப்புறம் வெளிச்சத்த எங்கிட்டு வைக்கிறது?"

அவள் வேலை செய்கிற விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சாம்பலுக்கு மேல் சற்று வெளுத்த சாம்பல். சாயத்தைக் கஞ்சித்தண்ணீர் அளவுக்கு இளக்கி, ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு. மடிப்புகளிலும் இடுக்குகளிலும் பழைய சாம்பலை அப்படியே விட்டுவிடுவாள். அங்கே துளி நீலமும் துளி காவியும் தண்ணீராக ஓடவிடுவாள். தூய வெள்ளையைக் கடைசியில்தான் தொடுவாள். அதுவும் தோள் விளிம்பில், முழங்கால் முட்டியில், தலைக்கவசத்தின் முகட்டில் ஒரு மயிரிழை மட்டும். அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் அந்த ஆள் முழுக்க வெள்ளையாக நிற்பான். கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும்.

மூன்று வாரத்தில் எல்லோரும் முடிந்தார்கள். தொரை பூதக்கண்ணாடியோடு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், கால்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். ஒவ்வொரு வீரனின் கணுக்காலுக்கு மேலும் செம்மண் தெறிப்பு. அதற்குள் ஊசிமுனை அளவு ஒரு சிவப்பு.

"இது என்ன?"

"அட்டைங்க."

"அட்டை?"

"மலையில நடந்து வர்றவன் காலு. நீங்க ஃபீல்டுல இருந்து வர்றப்ப ஒங்க வெள்ளைக் காலுறையும் அப்பிடித்தான இருக்கும். அட்டை கடிச்ச எடத்துல ரத்தம் ஊறி நிக்கும்."

தொரைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இது இரும்பு! இரும்புக்குள்ளே அட்டை எப்படி கடிக்கும்?"

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இரும்பா?" என்றாள். அவள் அதைக் கஞ்சி போட்ட தடித்த கோட்டு என்று நினைத்திருந்தாள். கணக்கப்பிள்ளை கோட்டுத் தினுசு. எங்கள் மலையில் வெள்ளை உடுத்துகிற ஆட்களையெல்லாம் அட்டை கடிக்கும். இரும்பை உடுத்திக்கொண்டு நடக்கிற ஆளை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. "இரும்புன்னு ஏன் மொதல்லயே சொல்லல?" என்று தொரையைப் பார்த்துக் கத்தினாள். தொரையைப் பார்த்து யாரும் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

தொரைக்குக் கோபம் வரவில்லை. "பரவாயில்லே. ரொம்ப நல்லா இருக்கு. சிவப்பு மட்டும் மூடு. போதும்," என்றார்.

போதுமாம். அவளுக்குப் போதவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து பூசப்போவதாகச் சொன்னாள். கொழும்புத் தொரை வர ஐந்து நாள் இருந்தது. பத்துச்சீட்டின் கெடு முடிய நாலு நாள். அவளைச் சமையலறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சண்டை போட்டேன்.

"தொரையே போதும்ங்கிறாரு. சிவப்ப மூடிக் குடுத்துட்டு, இன்னைக்கே அந்தச் சீட்டக் கிழிக்கச் சொல்லு மதினி. காம்பரா பெருசா, பொம்மை பெருசா?"

"துணின்னு நெனச்சுப் போட்ட நெழலு புள்ள. மெதுவா எறங்குது. இரும்புன்னா வெடுக்குனு நிக்கணும். பாக்குறவன் கண்ணுல இடிக்கும்."

"எந்தப் பாக்குறவன்? அந்தக் கொழும்புக்காரனா?"

"நான்," என்றாள்.

அன்றைக்கு அவளை அறைந்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். சீட்டைக் கிழிக்கிற மனநிலையில் தொரை சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், இவள் நிழலைப் பற்றிப் பேசுகிறாள். மறுநாள் வீட்டிலிருந்து தன் எனாமல் கோப்பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துக்கொண்டாள். வெள்ளை எனாமல், விளிம்பில் நாலு இடத்தில் தெறித்து உள்ளேயிருக்கிற கறுப்பு இரும்பு தெரியும். அதைப் பார்த்துப் பார்த்து, இருபத்துநாலு பேரையும் மறுபடி சாம்பலாக்கி, மறுபடி மேலே கொண்டுவந்தாள். இந்தத் தடவை நிழல் கத்தி வெட்டுப்போல நின்றது. தோள் விளிம்பில் ஒரு புள்ளி கறுப்பு வைத்து, அதன் கீழே ஒரு மயிரிழை வெள்ளை வைத்தாள். எனாமல் தெறித்த மாதிரியே இருந்தது. ஆணிகளுக்குக் கீழே துருவின் கறை. நாலாம் நாள் காலையில் முடித்தாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபத்தையும் மீறிச் சொல்கிறேன், அவை இரும்பாகவே இருந்தன. தொட்டால் குளிரும் என்று தோன்றியது.

அன்றைக்குத்தான் கெடு.

உலர்ந்த துணிகளை எடுக்க நான் மேட்டுப்பக்கம் போனபோது கீழே எங்கள் லயம் தெரிந்தது. கணக்கப்பிள்ளையும் ரெண்டு ஆட்களும் மதினியின் காம்பராவிலிருந்து சாமான்களை எடுத்து முற்றத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூறல். அவள் புருஷன் மகளைத் தன் கம்பளிக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். நான் ஓடிவந்து தொரையிடம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியோடு வீரர்களை வரிசை கட்டிக்கொண்டிருந்தார்.

"தொரை, சாமான வெளிய போடுறாங்க. காம்பராவப் பூட்டப் போறாங்க. ஒரு வார்த்த சொல்லிவிடுங்க."

"இன்னிக்கு தேதி முடிஞ்சது. கணக்கப்பிள்ளை ரூல்படி செய்யுது," என்றார், நிமிராமல். "நாளைக்குக் கொழும்பு தொரை பார்க்கும். பின்னாலே நான் கிழிக்கும். நான் சொன்னா சொன்னது."

அந்த இழுப்பறை அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வராது. பொம்மையின் துரு தெரிந்த கண்ணுக்கு எங்கள் முற்றம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை. வீட்டுக்கும் ஓடவில்லை. மத்தியானம் தொரை தூங்கப் போனதும் மேசையில் உட்கார்ந்து, இருபத்துநாலு பேரையும் முதுகு தன் பக்கம் வரும்படி திருப்பினாள். கறுப்பும் பச்சையும் காவியும் பிதுக்கினாள். ஏதோ கடைசி வேலை மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். அன்று ராத்திரி அவர்கள் மூன்று பேரும் என் காம்பராவில்தான் வந்து படுத்தார்கள். விடிந்தபோது அடுத்த காம்பராவில் அடுப்பு புகைந்தது. கணக்கப்பிள்ளையின் மச்சான் குடும்பத்தோடு அங்கே வந்து இறங்கியிருந்தார்.

கொழும்புத் தொரை பதினொரு மணிக்கு வந்தார். ஊருக்குப் புதிசு, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வழியில் எங்கள் லயத்தின் வெள்ளை முகப்பைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். கூடத்து மேசையில் இருபத்துநாலு பேரும் வாசலைப் பார்த்து நின்றார்கள். எங்கள் தொரை மதினியையும் வரச்சொன்னார். அவர் திருடர் இல்லை, இவள்தான் பூசியது என்று கையைக் காட்டிச் சொன்னார். நான் தேநீர்த் தட்டோடு நின்றேன்.

கொழும்புத் தொரை ஒரு பொம்மையைக் கட்டையோடு எடுத்துப் பார்த்து, விசில் அடித்தார். பிறகு கட்டையைத் திருப்பினார்.

முதுகில் எங்கள் பின்சுவர் இருந்தது. கழுத்திலிருந்து கீழே இறங்குகிற புகைக்கரி, அதில் மழைத்தண்ணீர் ஓடிய கோடுகள், இடுப்புக்குக் கீழே பச்சைப் பாசி, ஈரம் ஏறி நின்ற அளவு, மூன்றாவது காம்பராவுக்குப் பின்னால் இருக்கிற விரிசல். எல்லாம் கட்டை விரல் உயரத்தில். நடுவில் ஒரு இடம் மட்டும் கரி இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. சுவரின் உள்பக்கத்தையும் அதிலேயே சேர்த்திருந்தாள், ஒரு பிள்ளை தினமும் முதுகை வைத்துப் படுக்கிற இடம். அவர் இன்னொன்றைத் திருப்பினார், இன்னொன்றை. எல்லா முதுகிலும் அதே சுவர்.

எங்கள் தொரையின் முகம் சிவந்தது. கொழும்புத் தொரை கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். எங்கள் தொரையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து சிரிப்பாக மாறியது.

"கொழும்பு தொரை சொல்லுது, முன்னாலேவிட பின்னாலே ரொம்ப அசல். சண்டையிலே புகை, மழை, சேறு, எல்லாம் இருக்கு. எங்க ஊரிலேயும் யாரும் இப்படி செய்யலே."

"சண்டை இல்லீங்க," என்றாள் அவள். "அது எங்க லயத்துப் பின்சுவரு. நீங்க சுண்ணாம்பு அடிக்காத பக்கம். அவருகிட்ட சொல்லுங்க."

எங்கள் தொரைக்குப் புரிந்தது. புரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் திரும்பிக் கொழும்புத் தொரையிடம் சின்னதாக ஏதோ சொன்னார். அதில் லயமும் இல்லை, சுவரும் இல்லை. கொழும்புத் தொரை அவளைப் பார்த்துச் சிரித்து, தலையை ஆட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "இந்த மனுசன் மாத்திச் சொல்றாரு. ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியும்ல. நீ சொல்லுடி."

பேக். வால். ரூம். பிளாக். நாலு வார்த்தையும் எனக்குத் தெரியும். நாலும் நாக்கில் வந்து நின்றன. விரலை நீட்டி ஜன்னல் வழியே லயத்தைக் காட்டியிருந்தால் மிச்சத்தை அவரே விளங்கிக்கொண்டிருப்பார். எங்கள் தொரை என்னையே பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாது மதினி," என்றேன்.

எங்கள் தொரை இழுப்பறையைத் திறந்து, பத்துச்சீட்டை எடுத்து அவள் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். கிழித்த துண்டுகளை என் தட்டில் போட்டார்.

"காம்பராவுல வேற ஆளு அடுப்பு மூட்டிட்டாங்க," என்றாள் அவள்.

"அது கணக்கப்பிள்ளைகிட்ட கேளு."

"கிழிச்ச காயிதத்துல படுக்க முடியுமாங்க?" என்று கேட்டுவிட்டு, பின்கதவு வழியாகப் போய்விட்டாள். எனாமல் கோப்பையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை, கீழ்ப்பிரிவில் கூரை இல்லாத ஒரு காம்பராவைக் காட்டினார். அவர்கள் அதற்குப் போகவில்லை. கந்தப்பளைப் பக்கம் யாருடைய காய்கறித் தோட்டத்திலோ வேலை இருக்கிறது என்று புருஷன் கேள்விப்பட்டிருந்தார். மறுநாள் காலை என் காம்பராவில் தகரப்பெட்டியைக் கட்டினார்கள். நான் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், சும்மா சும்மா அவள் முன்னால் போய் நின்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கயிறு சரியாக இல்லை என்று புருஷனைத் திட்டினாள். குறுக்கே ஓடிய கோழியைத் திட்டினாள். வாசலில் இறங்கும்போது மழையையும் திட்டினாள்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வர்றேன் புள்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் இறங்கினாள்.

தொரை அந்த இருபத்துநாலு பேரையும் கண்ணாடி அலுமாரியில் முதுகு தெரியும்படி நிறுத்திவைத்தார். கொழும்புத் தொரைக்கு அந்தப் பக்கம்தானே பிடித்தது. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் போரின் புகை என்று சொல்லிக் காட்டுவார். தொரை ஊருக்குக் கப்பல் ஏறும்வரை, வாரம் ஒரு தடவை அவற்றைத் தூசி தட்டுகிற வேலை எனக்கு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாலும் அந்தச் சாயம் அசையாது. எங்கள் லயத்தின் பின்சுவரை இருபத்துநாலு தடவை துடைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் அதே சுவரில் சாய்ந்து உட்காருவேன்.

இத்தனை சொல்லிவிட்டேன். யாராவது கந்தப்பளைப் பக்கம் போனால், அவளை அடையாளம் தெரிந்தால், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். பஸ் ஏறி வரட்டும். என் வாசலில் நின்று, அக்கம்பக்கம் கேட்க, வயிறெரிய என்னைத் திட்டட்டும்.